துணையைக் காத்தலும் சட்டத்தின் எல்லையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் இலக்கியப் பேச்சும் இருக்கும். அவற்றினிடையே சட்டத்தைப் பற்றி ஒரு பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். அதிலும் நான் வழக்கறிஞன் அல்லேன். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா. ஆயினும் குமாஸ்தாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. 'விதி இருக்கிறது' என்று எவரேனும் சொன்னால், 'எந்த விதி? எத்தனையாவது பிரிவு? அதில் உள்ள சொல் என்ன?' என்று கேட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பான். அந்தப் பழக்கத்தோடு சட்ட நூலைப் பார்த்ததில் கண்டவற்றையே இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

நம் ஆண்மக்கள் அடிக்கடி சொல்லும் ஒரு சொல் உண்டு. "என் மனைவியை ஒருவன் தொட்டால் வெட்டிவிடுவேன், சட்டம் என்னை ஒன்றும் செய்யாது" என்பதே அது. திரைப்படத்தில் கதாநாயகன் இதைச் சொன்னால் கொட்டகை முழுவதும் கைதட்டுகிறது. இந்தப் பேச்சில் பாதி உண்மை. பாதி பெரும் பிழை. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி பிழை என்று அறியாமல் இருப்பவன், நல்ல மனிதனாக இருந்தும் சிறைக்குப் போவான். அவனை நம்பிய குடும்பம் தெருவில் நிற்கும். ஊரை விட்டு வந்து, உற்றார் அருகில்லாமல், மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். மெக்காலே பிரபு முதல் வரைவைத் தயாரித்து, 1860-இல் இயற்றப்பட்டு, 1862 ஜனவரி 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது இந்திய தண்டனைச் சட்டம். அதில் 96 முதல் 106 வரையுள்ள 11 பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. எண்கள் மாறின, இப்பகுதியின் பொருள் மாறவில்லை. பழைய 11 பிரிவுகளும் புதிய நூலில் 34 முதல் 44 வரை இடம் பெற்றுள்ளன.

இவற்றுள் 35-ஆம் பிரிவை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். ஒருவன் தன் உடலையும், வேறு எந்த மனிதரின் உடலையும் தாக்குதலிலிருந்து காக்க உரிமையுடையவன் என்கிறது அது. தற்காப்பு என்று பெயர் இருப்பினும், காக்கப்படுபவர் தானாகவே இருக்க வேண்டியதில்லை. ஆதலால் மனைவியைத் தாக்க வருபவனைக் கணவன் தடுக்கலாம், தேவையானால் அடிக்கலாம். அவ்வாறே, நடுவழியில் கணவனை நால்வர் மடக்கி உதைத்தால், மனைவி கையில் கிடைத்த தடியை எடுத்து அவர்களை விரட்டலாம். அது குற்றமே ஆகாது என்கிறது 34-ஆம் பிரிவு. மன்னிக்கப்பட்ட குற்றம் அன்று, குற்றமே அன்று. இந்த வேறுபாடு பெரிது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சட்டம் 'மனைவி' என்றும் சொல்லவில்லை. 'கணவன்' என்றும் சொல்லவில்லை. 'வேறு எந்த மனிதரும்' என்றே சொல்கிறது. கணவனாக இருப்பதால் இவ்வுரிமை ஒருவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பதில்லை. அயலானாக இருப்பதால் குறைந்து போவதும் இல்லை. இராமாயணத்தில் சீதையை இராவணன் கவர்ந்து சென்றபோது தடுத்தவர் யார்? கணவன் அங்கு இல்லை, மைத்துனனும் இல்லை. வழியில் இருந்த சடாயு தடுத்தான். அவன் தசரதனின் நண்பன். சீதைக்கு இரத்த உறவினன் அல்லன். முதலில் இராவணனுக்கு அறிவுரை சொன்னான்; அவன் கேளாதபோதுதான் போர் செய்தான். சட்டம் சொல்லும் 'வேறு எந்த மனிதரும்' என்பதற்குச் சடாயுவைக் காட்டிலும் பொருத்தமான சான்று நம் இலக்கியத்தில் இல்லை என்பேன்.

இனி எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைப் பார்ப்போம். தாக்குபவனின் உயிர் போனாலும் குற்றம் ஆகாத நிலைகளை 38-ஆம் பிரிவு எண்ணிச் சொல்கிறது. உயிர் போகும் என்ற நியாயமான அச்சம், கொடுங்காயம் ஏற்படும் என்ற அச்சம், கற்பழிக்கும் நோக்கம், இயற்கைக்கு மாறான இச்சை, கடத்திச் செல்லும் நோக்கம், காவலரை நாடவும் முடியாதபடி அடைத்து வைக்கும் நோக்கம், திராவகம் வீசுதல் ஆகிய 7 நிலைகளே அவை. ஏழாவது நிலை 2013-இல் சேர்க்கப்பட்டது. பிற தாக்குதல்களில், உயிரைப் போக்காத அளவில் தடுத்து நிறுத்தலாம், அவ்வளவே.

எல்லைகள் 37-ஆம் பிரிவில் இருக்கின்றன. அவற்றுள் இரண்டை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைக்கலாம். காவல் அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை என்பது ஒன்று. காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது மற்றொன்று. உரிமை எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதை 40-ஆம் பிரிவு சொல்கிறது. ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் தோன்றியவுடன் தொடங்குகிறது. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சம் நீங்கியவுடன் முடிகிறது. அதன்பின் ஓர் அடியும் கூடுதலாக அடிக்க இடமில்லை.

நமக்குப் பழக்கமான இடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். குடித்த ஒருவன் இரவு வண்டியில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கணவன் எழுந்து அவன் கையை முறுக்கி, கீழே தள்ளி, பிடியை விடுவிக்கிறான். இது சட்டம் தந்த உரிமை. குடியன் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறான். கணவன் நான்கு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த ஸ்டேஷனில் அவனைத் தேடிப் பிடித்து அடித்து நொறுக்குகிறான். இது குற்றம். அதே கணவன், அதே மனைவி, அதே குடியன். இடையில் அரைமணி நேரம் மட்டுமே கடந்தது. ஆனால் முதலில் செய்தது காப்பு; பின்னர்ச் செய்தது பழி.

வாய்ச்சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவன் தகாத சொல் சொன்னால், அதற்கெனப் பிரிவு இருக்கிறது. பெண்ணின் நாணத்தை அவமதிக்கும் சொல்லுக்கும் சைகைக்கும் 79-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. அவன்மீது புகார் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆனால் உடலுக்கு ஆபத்து இல்லாத இடத்தில், சொல்லுக்கு விடையாகக் கத்தியை எடுத்தவனுக்குத் தற்காப்பு என்ற கேடயம் கிடைக்காது.

நிற்க. பிழையான பாதிக்கு வருவோம். இந்திய நாடு முழுவதும் பேசிய ஒரு வழக்கே இதற்குச் சான்று. கடற்படை அதிகாரி கமாண்டர் நானாவதியின் வழக்கைப் பெரியவர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1959 ஏப்ரல் 27-ஆம் நாள், பம்பாயில், தமக்கும் மற்றோர் ஆடவருக்கும் தொடர்பு உண்டென்று மனைவி தம் வாயாலேயே கணவரிடம் சொல்கிறார். கணவர் மனைவியையும் குழந்தைகளையும் காரில் ஏற்றித் திரைப்படக் கொட்டகையில் விடுகிறார். பிறகு தம் கப்பலுக்குச் செல்கிறார். பொய்க் காரணம் சொல்லி ஒரு கைத்துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் பெறுகிறார். அந்த ஆடவரின் அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கிறார். அவர் அங்கு இல்லை. பின்னர் அவர் வீட்டுக்கே சென்று படுக்கையறைக்குள் நுழைகிறார். துப்பாக்கி வெடிக்கிறது, அந்த ஆடவர் இறந்துபோகிறார். நானாவதி தாமே சென்று சரணடைகிறார்.

மக்களின் அனுதாபம் யார் பக்கம் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிளிட்ஸ் என்ற வார இதழ் அவருக்காக ஓர் இயக்கமே நடத்தியது. ஜூரிகளில் 8 பேர் அவர் குற்றவாளி அல்லர் என்றனர்; ஒருவர் மட்டுமே மாறுபட்டார். அந்தத் தீர்ப்பை ஏற்க இயலாது என்று கருதிய செஷன்ஸ் நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 1964-இல் மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கியதால் அவர் விடுதலையானார் என்பது உண்மையே. ஆனால் மன்னிப்பு அரசின் கருணை. அது சட்டத்தின் விடை அன்று. சட்டத்தின் விடை 1961-இலேயே வந்துவிட்டது.

அந்த விடை என்ன? கடும் ஆத்திரம் திடீரென மூட்டப்பட்டு, தன்னை அடக்கும் ஆற்றலை இழந்த நிலையில் ஒருவன் கொலை செய்தால், அது கொலைக் குற்றத்தினின்றும் ஒரு படி குறையும் என்று சட்டம் சொல்கிறது. அப்போதும் விடுதலை இல்லை; தண்டனைதான் குறையும். அந்தச் சலுகையும் நானாவதிக்குக் கிடைக்கவில்லை. வீட்டைவிட்டுப் புறப்பட்டதற்கும் சுட்டதற்கும் இடையே ஏறத்தாழ 3 மணி நேரம் கடந்திருந்தது. குடும்பத்தைக் கொட்டகையில் விடும் நிதானமும், துப்பாக்கிக்குக் காரணம் சொல்லும் நிதானமும் அவருக்கு இருந்தன. சினம் ஆறவும் சிந்திக்கவும் நேரம் இருந்ததென்று நீதிமன்றம் கண்டது. அவர் மனைவிக்கு அந்த நேரத்தில் எவராலும் எந்த ஆபத்தும் இல்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். காக்கப்பட வேண்டியவர் கொட்டகையில் பத்திரமாக அமர்ந்திருந்தார். அப்படியானால் துப்பாக்கி எதைக் காக்கச் சென்றது? கணவன் தன் மானம் என்று கருதிய ஒன்றையே! மானத்தின் பெயரால் உயிரை எடுக்கச் சட்டம் எவருக்கும் உரிமை தரவில்லை.

கண்ணகியை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் உண்டு. சிலப்பதிகாரத்தைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். கணவன் இறந்துபட்டான், காக்கும் வேளை கடந்துவிட்டது. அப்போது அவள் முதலில் நாடியது வாளை அன்று, அரசவையை. சான்றாகத் தன் காற்சிலம்பைக் கொண்டு சென்றாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. இவள் சிலம்பில் இருந்தது மாணிக்கம். சிலம்பு உடைந்தது, வழக்கு வென்றது, அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர்விட்டான். அதன்பின் மதுரை எரிந்தது மெய்தான். ஆனால் அதனைக் காப்பின் செயலாக அன்றிச் சீற்றத்தின் செயலாகவே காவியம் காட்டுகிறது. அந்தச் சீற்றத்துக்கும் முதியோரையும் குழந்தைகளையும் தொடாதே என்று எல்லை வகுக்கிறது. கணவனுக்காக ஒரு மனைவி செய்த வாதம் என்று நாம் போற்ற வேண்டியது அந்த அரசவைக் காட்சியையே.

இப்போது மற்றொரு வழக்கைச் சொல்ல விரும்புகிறேன். நானாவதி வழக்குப் போல இது நாடெங்கும் பேசப்படவில்லை. ஆனால் நாம் அறிந்துகொள்ள வேண்டியது இதுவே என்பது என் கருத்து. இது நடந்தது மாளிகையில் அன்று. நம்முடையதைப் போன்ற ஒரு ரயில்வே குடியிருப்பில். இடம் கோரக்பூர். உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது அதே 1959-ஆம் ஆண்டில்.

கணவனுக்கும் மாமனார் குடும்பத்துக்கும் மனத்தாங்கல். மனைவி தந்தையின் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். கணவனோடு செல்ல விருப்பமில்லை. ஒருநாள் கணவன் தன் ஆட்களோடு வருகிறான். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நுழைகிறான். மனைவியைப் பிடித்து வெளியே இழுக்கிறான். அவள் கதவைப் பற்றிக்கொள்கிறாள். அவன் இழுக்க, அவள் விடாமல் பற்றியிருக்க, அவளுடைய உடன்பிறந்தான் சட்டைப் பையிலிருந்த கத்தியை எடுத்து ஒரே ஒரு குத்துக் குத்துகிறான். அது இதயத்தில் பாய்ந்து கணவன் இறந்துபோகிறான்.

'கட்டிய மனைவியை அழைத்துச் செல்லக் கணவனுக்கு உரிமை இல்லையா?' என்று அன்றைக்குப் பலர் கேட்டிருப்பார்கள், இன்றும் கேட்பார்கள். கீழ் நீதிமன்றங்கள் அந்தச் சகோதரனைக் குற்றவாளி என்றே தீர்மானித்தன. உச்ச நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. மனைவியே ஆயினும் அவள் விருப்பத்துக்கு மாறாக வன்முறையால் இழுத்துச் செல்வது தாக்குதலே. கடத்திச் செல்லும் நோக்கத்தோடு செய்யும் தாக்குதலை உயிர் போகும் அளவுக்கும் தடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அவன் ஒரு முறைதான் குத்தினான். அந்த நெருக்கடியில் செய்ததைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஓர் உயிர் போனதைக் கொண்டாடுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் கத்தி வெளியே வராமல் அன்று சண்டை தீர்ந்திருந்தால் எல்லோரும் மகிழ்ந்திருப்போம். நான் சொல்ல வந்தது வேறு. இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில், கணவன் என்ற நிலையில் நின்று சுட்டவரைச் சட்டம் தண்டித்தது. மற்றொன்றில், கணவனிடமிருந்தே ஒரு பெண்ணைக் காத்தவனைச் சட்டம் விடுவித்தது. சட்டம் காக்க விரும்புவது கணவனின் பெருமையை அன்று. அந்தப் பெண்ணின் உடலையும் உயிரையுமே என்பது இதனால் தெளிவாகும்.

பழைய தண்டனைச் சட்டத்தில் இருவகைக் குரல்கள் ஒலித்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 97-ஆம் பிரிவு 'எந்த மனிதரும்' என்று பேசியது. 497-ஆம் பிரிவோ, மணமான பெண்ணோடு தொடர்பு கொண்ட ஆடவனைத் தண்டித்தது. ஆனால் கணவன் சம்மதித்திருந்தால் அது குற்றம் அன்று என்றும் சொன்னது. மனைவியைக் கணவனின் உடைமை போல எண்ணியதாலன்றோ அவன் சம்மதம் அங்கு வந்தது? 2018 செப்டம்பர் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை அரசியல் சாசனத்துக்கு முரணானதென்று நீக்கியது. புதிய சன்ஹிதாவில் அது இடம் பெறவில்லை. 'எந்த மனிதரும்' என்ற குரல் மட்டும் 35-ஆம் பிரிவாக இன்றும் ஒலிக்கிறது. உடைமை என்ற எண்ணத்தைச் சட்டம் கைவிட்டது. காப்பு என்ற எண்ணத்தைக் கைவிடவில்லை.

அன்பர்களே! இவ்வளவும் நீதிமன்றத்துச் செய்தி. நம் காலனிக்கு இதனால் என்ன பயன்?

காலனி வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கு ஒரே சுவர். அடுத்த வீட்டில் தாளிக்கும் மணம் நமக்கு வருகிறது. வானொலிப் பாட்டுக் கேட்கிறது. அந்த வீட்டுப் பெண் அடிபட்டு அழும் குரலும் கேட்கத்தான் செய்யும். அப்போது நாம் சொல்லும் சொல் ஒன்றுண்டு: "அது அவர்கள் குடும்ப விஷயம்." இந்தச் சொல்லுக்குச் சட்ட நூலில் இடமே இல்லை. மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவனையும் அவன் உறவினரையும் தண்டிக்க 1983-இல் 498ஏ என்ற பிரிவு சேர்ந்தது. இன்று அது 85-ஆம் பிரிவு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-இல் தனிச் சட்டமே வந்தது. கொடுமை நடக்கிறதென்று நம்புகிற எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம்; நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்கு வராது என்றும் அச்சட்டம் உறுதி தருகிறது. தன் மனைவியைப் பிறன் தொட்டால் வெட்டுவேன் என்று முழங்குபவனே தன் கையால் அவளை அடிப்பானாயின், அவன் காவலன் அல்லன், தாக்குபவன். அவனிடமிருந்து அவளைக் காக்கும் உரிமை அடுத்த வீட்டாருக்கும் உண்டு.

ஆயினும் உடனே தடியை எடுக்கச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். கதவைத் தட்டுங்கள். உரத்த குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நால்வர் சேர்ந்து வாசலில் நின்றாலே ஓங்கிய கை பெரும்பாலும் தாழும். நேரம் இருந்தால் 112 எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். பெண்களின் உதவிக்கு 181 இருக்கிறது. ரயில் பயணத்தில் 139. அதற்கு நேரமே இல்லை, ஓர் உயிர் கண்முன் போகிறது என்னும்போதுதான் கை நீள வேண்டும். அதுவும் தடுக்கும் அளவுக்கே.

தடுத்த பின் செய்ய வேண்டியதும் உண்டு. ஓடி ஒளியாமல் காவல் நிலையத்துக்குத் தாமே தெரிவிக்க வேண்டும். காயங்களை அரசு மருத்துவரிடம் காட்டிச் சான்று பெற வேண்டும். நடந்ததை நடந்தபடியே சொல்ல வேண்டும். தற்காப்புக்காகவே செய்தேன் என்று காட்டும் பொறுப்பு அதைச் சொல்பவரையே சாரும். ஆனால் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருப்பதே கூடுதலாகப் பொருந்தும் என்று காட்டினால் போதும். உண்மையை மறைத்தவனுக்கு இந்தச் சலுகையும் பயன்படாமல் போகக்கூடும்.

சட்டம் முழுவதையும் நினைவில் வைக்க நம்மால் இயலாது. கை ஓங்கும் முன் ஒரு கேள்வியை மட்டும் நமக்கு நாமே கேட்டுக்கொண்டால் போதும்: 'இந்த அடியால் யார் காப்பாற்றப்படுகிறார்?' விடையாக ஒரு மனிதரின் முகம் கண்முன் தெரிந்தால், சட்டம் நம்மோடு நிற்கும். நம் கோபத்தைத் தவிர வேறொன்றும் தெரியாவிட்டால், கையை இறக்கிக்கொள்வதே நமக்கும் நம் துணைக்கும் நல்லது. சிறையில் இருக்கும் கணவன் எந்த மனைவியையும் காப்பதில்லை.